பற்றாக்குறையும் பதுக்கலும்: கலிபோர்னிய மின்சந்தையின் கணக்கு

விலை ஏறும்போதெல்லாம் இரண்டு சொற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. விற்பவர் 'பற்றாக்குறை' என்பார். வாங்குபவர் 'பதுக்கல்' என்பார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் கேட்டுப் பழகிய வழக்கு இது. அங்கெல்லாம் கிடங்கின் பூட்டை உடைத்துப் பார்த்தால் வழக்கு முடிந்துவிடும். கிடங்கே இல்லாத ஒரு பண்டத்தில் இவ்வழக்கை எப்படித் தீர்ப்பது? மின்சாரம் அத்தகைய பண்டம். ஆக்கப்படும் கணத்திலேயே அது நுகரப்பட்டாக வேண்டும். 2000, 2001ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தில் மின்விலை எகிறி, மின்வெட்டு வந்து, நிறுவனங்கள் திவாலாகியபோது எழுந்த கேள்வி இதுதான். இல்லாமையால் ஏறிய விலையா, இருந்தும் கொடாமையால் ஏறிய விலையா?

இக்கேள்விக்கு எண்களால் விடை சொல்ல முனைந்தவர்களுள் முதன்மையானவர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் செவரின் போரன்ஸ்டைன். அவருடன் ஜேம்ஸ் புஷ்னெல், ஸ்டான்ஃபோர்டின் ஃபிராங்க் வோலாக் ஆகிய இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2002இல் 'அமெரிக்கன் எக்கனாமிக் ரிவ்யூ' இதழில் வெளியானது. இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு சொல்லின் பொருளை வரையறுப்பதற்காக மூவர் பட்ட பாடு என்று கொண்டால், உரையாசிரியர்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமான வேலையாகத் தோன்றாது.

முதலில் வரலாறு. 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியர்கள் மின்சாரத்துக்கு நாட்டின் சராசரியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலை கொடுத்து வந்தனர். டயப்லோ கேன்யன், சான் ஓனோஃப்ரே ஆகிய அணுமின் நிலையங்களுக்குக் கொட்டிய பணமும், 1980களில் சிறு உற்பத்தியாளர்களோடு செய்துகொண்ட விலை மிகுந்த ஒப்பந்தங்களும் அதற்குக் காரணம். அதே வேளையில் எரிவாயு மலிந்தது. புதிய எரிவாயுச் சுழலிகள் குறைந்த செலவில் மின்சாரம் தந்தன. பெரிய ஆலைகள், 'பழைய முதலீட்டின் பாரத்தை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? மலிவான இடத்தில் நேரடியாக வாங்கிக்கொள்கிறோம்' என்றன. போட்டி, திறமை, நுகர்வோர் உரிமை முதலிய பெரிய சொற்களெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. இருபது ஆண்டு மறுசீரமைப்பைத் திரும்பிப் பார்த்துப் போரன்ஸ்டைனும் புஷ்னெலும் 2015இல் எழுதிய கட்டுரை இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சராசரிச் செலவு மிகுந்தும் சந்தை விலை குறைந்தும் இருந்த இடங்களில்தான் சந்தையின் மீது காதல் பிறந்தது. பழைய கடனை அடுத்தவர் தலையில் மாற்றுவதே அதன் உள்நோக்கம்.

1996 செப்டம்பரில் ஆளுநர் பீட் வில்சன் மறுசீரமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டமன்றத்தில் ஓர் எதிர்வாக்குக்கூட விழவில்லை. 1998 மார்ச் இறுதியில் சந்தை திறந்தது. பவர் எக்ஸ்சேஞ்ச் என்னும் ஏலக்கூடத்தில், அடுத்த நாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியே விலை முடிவாகும். மின்கம்பிகளின் சமநிலையைக் காக்க இன்டிபெண்டென்ட் சிஸ்டம் ஆபரேட்டர் என்ற தனி அமைப்பு ஏற்பட்டது. மின்விநியோகம் செய்துவந்த மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் தம் அனல்மின் நிலையங்களில் பெரும்பாலானவற்றை ஐந்து வெளி நிறுவனங்களுக்கு விற்றன. அதன்பின் தமக்கு வேண்டிய மின்சாரத்தை அவை நாள்தோறும் ஏலக்கூடத்தில் வாங்க வேண்டும். நீண்டகால ஒப்பந்தங்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. வீட்டுக்கும் கடைக்கும் விற்கும் விலையோ சட்டத்தால் உறைய வைக்கப்பட்டது. மொத்த விலை எப்போதும் அந்த உறைந்த விலைக்குக் கீழேதான் இருக்கும், வரும் மிச்சத்தில் அணுமின் நிலையக் கடன் அடைந்துவிடும் என்பது கணக்கு. வாங்கும் விலை நாளுக்கு நாள் ஆட, விற்கும் விலை அசையாது நிற்கும் ஒரு கடையை எந்த மளிகைக்காரரும் நடத்த ஒப்பமாட்டார். இங்கே ஒரு மாநிலமே ஒப்பியது.

போரன்ஸ்டைன் மின்துறையில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். விமானக் கட்டணங்களையும் பெட்ரோல் விலையையும் ஆராய்ந்துவிட்டு இங்கு வந்தவர். ஒரே விமான நிலையத்தில் ஒரு நிறுவனம் கூடாரமடித்தால் அங்கே கட்டணம் எப்படி உயர்கிறது, கச்சா எண்ணெய் ஏறினால் பெட்ரோல் விலை விரைந்து ஏறுவதும் அது இறங்கினால் மெல்ல இறங்குவதும் ஏன் என்பன அவருடைய பழைய கேள்விகள். சந்தையை வெறுப்பவர் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கமாட்டார், வழிபடுபவரும் கேட்கமாட்டார்.

புதிய மின்சந்தை எவ்வாறு நடக்கும் என்று அவரும் புஷ்னெலும் கணினியில் ஒத்திகை பார்த்து எழுதிய கட்டுரை 1999இல் அச்சேறியது. பெரும்பாலான மணி நேரங்களில் போட்டி நன்றாகவே இயங்கும். ஆனால் தேவை உச்சத்தைத் தொடும் சில மணி நேரங்களில் விற்பவர் கை வெகுவாக ஓங்கக்கூடும் என்பது அதன் முடிவு. அது எவ்வளவு ஓங்கும் என்பதை நீர்மின்சாரம் எவ்வளவு கிடைக்கிறது என்பதும், விலைக்கேற்ப வாங்குபவர் நுகர்வைக் குறைப்பாரா என்பதும் தீர்மானிக்கும்.

இதை விளக்க ஒரு சிறு கணக்கு போதும். ஒரு மணி நேரத்தில் ஓர் ஊருக்கு 100 அலகு மின்சாரம் வேண்டும் என்று கொள்வோம். எல்லா நிலையங்களும் சேர்ந்து 105 அலகு தர முடியும். ஐந்து நிறுவனங்களிடம் தலைக்கு 8 அலகு, மீதி பிறரிடம். எட்டு விழுக்காடு வைத்திருப்பவரை யாராவது ஏகபோகி என்பார்களா? மாட்டார்கள். ஆனால் அந்த ஐவரில் யாரேனும் ஒருவர் விலகினால் எஞ்சுவது 97. ஆக, அந்த ஒரு மணி நேரத்தில் ஐவரில் ஒவ்வொருவரும் ஏகபோகியே. தேவை 80ஆக இருக்கும் மணி நேரத்தில் அதே ஐவரும் வெறும் வியாபாரிகள். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறினால் கனகாம்பரம் வாங்கலாம், முழம் குறைக்கலாம். உறைந்த விலையில் மின்சாரம் பெறும் வீட்டுக்காரருக்கு ஏலக்கூடத்தில் நடப்பது எதுவும் தெரியாது. எனவே அவர் எதையும் குறைக்கமாட்டார். கலிபோர்னியாவில் ஐந்து நிறுவனங்களும் தனித்தனியே மாநிலத்தின் உற்பத்தித் திறனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வைத்திருந்தன. போட்டிச் சட்டத்தின் வழக்கமான கண்ணுக்கு அங்கே குறை ஒன்றும் தெரியவில்லை.

1998, 1999 இரண்டும் அமைதியாகக் கழிந்தன. 2000ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து நிலைமை மாறியது. வடமேற்கு மாநிலங்களில் ஆறுகளில் நீர் குறைந்ததால் அங்கிருந்து வரும் நீர்மின்சாரம் சுருங்கியது, எரிவாயு விலை ஏறியது, தெற்குக் கலிபோர்னியாவில் காற்றை மாசுபடுத்துவதற்கான உரிமச் சீட்டுகளின் விலையும் ஏறியது, தேவையும் வளர்ந்திருந்தது. ஜூன் 14ஆம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மின்வெட்டு. கடன் முழுவதையும் அடைத்துவிட்டதால் விலைக் கட்டிலிருந்து முன்கூட்டியே விடுபட்டிருந்த சான் டியாகோ நகரில் வீடுகளின் மின்கட்டணம் இரு மடங்கானது. மெகாவாட் மணிக்கு 750 டாலர், அதாவது யூனிட்டுக்கு 75 சென்ட் என்றிருந்த உச்சவரம்பு ஜூலையில் 500ஆகவும் ஆகஸ்டில் 250ஆகவும் குறைக்கப்பட்டது. டிசம்பரில் மொத்த விலையின் சராசரி முந்தைய ஆண்டு டிசம்பரைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். 2001 ஜனவரி 17இல் வடக்குக் கலிபோர்னியாவில் சுழற்சி முறை மின்வெட்டு தொடங்கியது. ஜனவரி இறுதியில் ஏலக்கூடம் மூடப்பட்டது. ஏப்ரல் 6ஆம் நாள் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் திவால் மனு கொடுத்தது.

ஜனவரி மாதம் கலிபோர்னியாவில் குளிர்காலம். குளிர்சாதனங்கள் ஓயும் பருவம்; கோடை உச்சத்தைவிடத் தேவை வெகுவாகக் குறைந்திருக்கும் பருவம். அப்போது ஏன் மின்வெட்டு? இந்த ஒரு கேள்வியே 'பற்றாக்குறை' என்ற சொல்லின் மீது பலருக்கும் ஐயத்தை உண்டாக்கியது. சுற்றுச்சூழல் விதிகளால் புதிய நிலையங்கள் கட்டப்படவில்லை என்றது ஒரு தரப்பு. வெளிமாநில நிறுவனங்கள் கொள்ளையடிக்கின்றன என்றார் ஆளுநர் கிரே டேவிஸ். நிறுவனங்களோ பழைய நிலையங்கள் பழுதாகின்றன, நாங்கள் என்ன செய்ய என்றன. உண்மையில் பழுதா, பழுது என்ற பெயரா?

மூவர் கட்டுரையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. விற்கப்பட்ட அனல் நிலையங்கள் எல்லாம் முன்பு அரசின் கட்டுப்பாட்டில் இயங்கியவை. எனவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு எரிவாயு எரிக்கும் என்பது ஏற்கெனவே பதிவில் இருந்தது. எரிவாயுவின் விலையும் மாசு உரிமச் சீட்டின் விலையும் தெரிந்தவை. இவற்றைக் கொண்டு ஒவ்வொரு நிலையத்தின் இறுதிநிலைச் செலவை, அதாவது இன்னும் ஒரு யூனிட் கூடுதலாக ஆக்கினால் ஏற்படும் செலவை, கணக்கிட்டார்கள். மலிவானதிலிருந்து விலை மிகுந்தது வரை நிலையங்களை ஏணிப்படி போல அடுக்கினார்கள். நிலையங்கள் இயல்பாகவே பழுதாகும் என்பதை மறுக்கவில்லை. எத்தனை விழுக்காடு பழுது இயல்பு என்பதை வைத்துக் கணினியில் குருட்டாம்போக்கில் பலமுறை பழுதுகளை நிகழச் செய்தார்கள். பிறகு 1998 ஜூன் முதல் 2000 அக்டோபர் வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரே கேள்வி: அந்த மணி நேரத்தின் தேவைக்கு ஏணியில் எந்தப் படிவரை ஏற வேண்டும்? அந்தப் படியின் செலவே போட்டிச் சந்தையில் இருந்திருக்க வேண்டிய விலை. உண்மை விலை அதற்கு மேல் எவ்வளவு?

1999 கோடையில் மொத்தச் சந்தையில் மின்சாரத்துக்காகச் செலவானது 204 கோடி டாலர். 2000 கோடையில் 898 கோடி டாலர். கூடிய ஏறத்தாழ 694 கோடியை மூவரும் மூன்றாகப் பிரித்தார்கள். எரிபொருள் முதலிய உற்பத்திச் செலவு ஏறியதால் கூடியது 21 விழுக்காடு. கடைசிப் படியின் விலையே எல்லோருக்கும் கிடைப்பதால், கீழ்ப்படியில் உள்ள மலிவான நிலையங்களுக்கு இயல்பாகச் சேரும் போட்டி உபரி 20 விழுக்காடு. இதில் யாருடைய குற்றமும் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் கிணறு உள்ளவர் நெல்லுக்குக் கூடுதல் காசு பெறுவது போன்றது. எஞ்சிய 59 விழுக்காடு சந்தை ஆதிக்கத்தால் வந்தது.

பற்றாக்குறை பொய்யன்று என்பதை இந்த எண்களே ஒப்புக்கொள்கின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஐந்தில் இரண்டு பங்கு உண்மையாகவே செலவும் தட்டுப்பாடும். இரு தரப்பும் தத்தம் மேடையில் முழங்கிய 'முழு உண்மை'க்கு இக்கட்டுரையில் இடமில்லை.

மறுப்பு வராமல் இல்லை. ஹார்வர்டின் வில்லியம் ஹோகனும் ஸ்காட் ஹார்வியும், ஏணிப்படிக் கணக்கு மின்நிலையத்தின் பொறியியலை மிகவும் எளிமைப்படுத்துகிறது என்றார்கள். ஒரு பழைய கொதிகலனை நினைத்தவுடன் எழுப்ப முடியாது, எழுப்பவே செலவுண்டு, ஓடும் மணி நேரத்துக்கு வரம்புண்டு. மாதிரியின் பிழையை ஆதிக்கம் என்று பெயரிடுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் இதற்கான விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் தேவை குறைந்த மாதங்களில், அதே மாதிரி, அதே கொதிகலன்கள், விலையோ போட்டி விலையை ஒட்டியே அமைந்தது. கோல் வளைந்ததாக இருந்தால் எல்லா மாதத்திலும் வளைந்தே காட்டியிருக்க வேண்டும். பால் ஜாஸ்கோவும் எட்வர்ட் கானும் வேறு வழியில் ஆராய்ந்து, விலை உச்சத்தில் இருந்த மணி நேரங்களில் ஓடினால் இலாபம் தரக்கூடிய நிலையங்கள் முழுத் திறனில் ஓடவில்லை என்று கண்டதும் மூவரின் பக்கமே வலுச் சேர்த்தது. பின்னர் 2003 ஜனவரியில், 2000 ஜூன் மாதத்தில் இரண்டு நாட்கள் மின்சாரத்தைச் சந்தைக்குத் தராமல் நிறுத்தி வைத்தது பற்றிய விசாரணையை முடித்துக்கொள்ள ரிலையன்ட் நிறுவனம் (நம் நாட்டு ரிலையன்ஸ் அன்று) 1.38 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

பொதுமக்கள் நினைவில் இன்று எஞ்சியிருப்பது என்ரான் என்ற பெயர்தான். 2001 டிசம்பரில் அது திவாலானது. 2002 மே மாதத்தில் வெளியான அதன் உள்குறிப்புகளில் சூழ்ச்சிகளுக்குச் சூட்டிய செல்லப் பெயர்கள் எல்லாம் இருந்தன: 'ஃபேட் பாய்', 'டெத் ஸ்டார்', 'கெட் ஷார்ட்டி'. 2004இல் வணிகர்களின் தொலைபேசி உரையாடல்களும் வெளியாயின. வில்லன் கிடைத்துவிட்டான்; கதை முடிந்தது. ஆனால் கலிபோர்னியாவில் என்ரானுக்குப் பெரிய அனல் நிலையம் எதுவும் இல்லை. அது தரகுக் கடை. மூவரின் 59 விழுக்காட்டுக்கு இரகசியக் கூட்டமோ சதியோ தேவையில்லை. ஐவரும் ஒருவரோடொருவர் பேசாமலே, தத்தம் இலாபத்தை மட்டும் நோக்கி, ஏலத்தில் விலையைக் கூட்டிக் கேட்டாலே போதும். அப்படிக் கேட்பதைக் குற்றம் என்று சொல்லும் சட்டமும் இல்லை.

நம் மரபு விலையை வணிகனின் அறத்தோடு சேர்த்தே பேசி வந்திருக்கிறது. பட்டினப்பாலை புகழும் வணிகர், கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாதவர். போரன்ஸ்டைனின் ஆய்வு அறத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. வணிகர் யாராக இருந்தாலும் இந்த விதிகளின்கீழ் இதையேதான் செய்வார் என்பது அதன் உள்ளுறை. என்ரானைத் திட்டுவதைவிட இது கூர்மையான குற்றச்சாட்டு என்று எனக்குத் தோன்றுகிறது. திட்டு வணிகனோடு முடிந்துவிடும். இது விதி எழுதிய சட்டமன்றத்தையும், எதிர்வாக்கு இடாத கைகளையும் போய்த் தொடுகிறது.

தீர்வாக அவர் வலியுறுத்தியவை இரண்டு. ஒன்று நீண்டகால ஒப்பந்தம். மின்சாரத்தை முன்கூட்டியே ஒரு விலைக்கு விற்றுவிட்டவருக்கு நாளைய ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவதில் ஆதாயம் குறைவு. புஷ்னெல் வேறு இருவரோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, கலிபோர்னியாவையும் கிழக்குக் கரையின் இரு மின்சந்தைகளையும் ஒப்பிட்டது. கிழக்கே போட்டி நன்றாக நடந்ததற்குக் காரணம், அங்குள்ள உற்பத்தியாளர்கள் முன்கூட்டிய விலைக் கடப்பாடுகளால் கட்டுண்டிருந்ததே என்பது அதன் முடிவு. இங்கே நம் நாட்டு அனுபவம் ஒன்று குறுக்கிடுகிறது. அதே என்ரான் 1993இல் மகாராஷ்டிர மின்வாரியத்தோடு தாபோல் திட்டத்துக்காகச் செய்துகொண்டது நீண்டகால ஒப்பந்தமே. அதன் விலையைத் தாங்க மாட்டாமல் 2001இல் வாரியம் வாங்குவதை நிறுத்தியது. ஒப்பந்தம் இல்லாததால் ஒரு மாநிலமும் இருந்ததால் ஒரு மாநிலமும் ஒரே ஆண்டில் ஒரே நிறுவனத்தின் பெயரைச் சபித்தன. ஒப்பந்தத்தை எப்போது, எந்த நிலையில் இருந்துகொண்டு எழுதுகிறோம் என்பதே முக்கியம் போலும். கலிபோர்னிய அரசு 2001இல் விலை உச்சியில் இருந்தபோது பதறிப்போய் 4,000 கோடி டாலருக்கும் மேலான ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. விலை சரிந்த பிறகும் அந்தச் சுமை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

மற்றொன்று நேரத்துக்கு நேரம் மாறும் சில்லறை விலை. உச்ச நேரத்தில் விலை ஏறுவது வாங்குபவருக்குத் தெரிந்தால் அவர் கொஞ்சம் குறைப்பார். சிலர் கொஞ்சம் குறைத்தாலே மேற்சொன்ன 100ஐ 95 ஆக்கி ஐவரின் ஏகபோகத்தை உடைத்துவிடலாம். பொருளியலாளர்களுக்கு இது வெளிச்சம். வாக்குக் கேட்கப் போகிறவர்களுக்கு இது நெருப்பு. கடைசியில் விலையை அடக்கியது கூட்டரசின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2001 ஜூன் 19இல் மேற்கு மாநிலங்கள் அனைத்துக்கும் விதித்த விலைக் கட்டுப்பாடும், அவ்வாண்டு மக்கள் தாமாகவே குறைத்த நுகர்வும், இறங்கிய எரிவாயு விலையும். அமெரிக்க விமானத் துறையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்ததற்காகப் புகழ்பெற்ற ஆல்பிரட் கான்கூட விலை வரம்பு கேட்டு எழுதிய பொருளியலாளர்களுள் ஒருவர். டேவிஸ் 2003 அக்டோபரில் மக்கள் வாக்கெடுப்பால் பதவி நீக்கப்பட்டார்.

இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பின், 2008இல் மின்பரிமாற்றகங்கள் தொடங்கின. இங்கும் கடைசிப் படியின் விலையே எல்லோருக்கும். ஆனால் நம் மாநிலங்கள் பெரும்பகுதி மின்சாரத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்குவதால், ஏலத்தின் அனல் முழுவதும் வீட்டை எட்டுவதில்லை. 2022 மார்ச்சில் பரிமாற்றக விலை யூனிட்டுக்கு 20 ரூபாயைத் தொட்டதும், ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய் வரம்பு விதித்தது. அந்த நாட்களிலும் இங்கு இதே இரு சொற்கள் மோதின. ஏணிப்படி அடுக்கிப் பார்த்தவர் யார் என்பதுதான் கேள்வி.

போரன்ஸ்டைன் தம் அளவுகோலைக் கீழே வைக்கவில்லை. 2021இல் மெரிடித் ஃபவுலி, ஜேம்ஸ் சாலீ ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் அதே இறுதிநிலைச் செலவை எடுத்துக்கொண்டு, இம்முறை சில்லறை விலையை அளந்தார். சமூகத்துக்கு உண்மையில் ஆகும் கூடுதல் செலவைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விலையைக் கலிபோர்னியர்கள் யூனிட்டுக்குக் கொடுக்கிறார்கள் என்றது அறிக்கை. காட்டுத்தீத் தடுப்பு, பழைய முதலீடு, கூரைச் சூரிய மின்சாரத்துக்கான மறைமுக மானியம் எல்லாம் யூனிட் விலையில் ஏற்றப்பட்டிருந்தன. கூரை வைக்க வசதியில்லாதவர் அதிகம் சுமந்தார். இவற்றை யூனிட் விலையிலிருந்து பிரித்து, வருமானத்துக்கேற்ற மாதாந்திர நிலைக் கட்டணமாக்கலாம் என்று யோசனை கூறினர். 2000இல் அவர் கணக்கை மின்நிலைய உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். இம்முறை கூரைச் சூரிய மின்துறையினர் எதிர்த்தார்கள். 2022இல் சட்டம் வந்தது. 2024 மே மாதத்தில் மாநில ஆணையம் அந்த நிலைக் கட்டணத்தை மாதம் 24.15 டாலர் என்றும், ஏழை வீடுகளுக்கு 6 அல்லது 12 டாலர் என்றும் நிர்ணயித்தது.